பாடம் எடுப்பவள்

பதினேழு எட்டு எவ்வளவு என்று வாத்தியாருக்கு வரவில்லை.

ஒன்று முதல் இருபத்தைந்து வரை எந்த வாய்ப்பாட்டையும் தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் கடகடவென்று ஒப்பிக்கிற மனிதர் அவர். அந்தத் திமிரில்தான் இருபது வருஷமாக வீடு வீடாகப் போய், ஊரார் பெற்றுப்போட்ட மக்குகளை எல்லாப் பாடத்திலும் ஒப்பேற்றிவிட்டுக்கொண்டிருந்தார். பதினேழு ஏழு நூற்றுப் பத்தொன்பது, அது இருக்கிறது. பதினேழு ஒன்பது நூற்றைம்பத்து மூன்று, அதுவும் இருக்கிறது. நடுவில் ஒன்றுமில்லை. பல் விழுந்த இடத்தை நாக்கால் துழாவினால் வழவழவென்று வெறும் ஈறு தட்டுப்படுமே, அப்படி இருந்தது.

"நூத்தி முப்பத்தாறு சார்," என்றாள் மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த பெண். நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"தெரியும். உனக்குத் தெரியுதான்னு பார்த்தேன்," என்றார். அரைகுறை வாத்தியார்கள் சொல்கிற பொய் அது. அப்படிப்பட்டவர்களைக் கண்டாலே காறித் துப்பலாம் போலிருக்கும் அவருக்கு. அன்றுதான் முதல்முறையாக அதை அவரே சொன்னார்.

அந்த வீட்டுக்கு அவர் வர ஆரம்பித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. லிப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி. பெற்றவர்கள் என்றாலே அவருக்கு இளப்பம்தான்: பிள்ளையின் மண்டையில் களிமண் என்று தெரிந்தும், அதில் டாக்டர் முளைப்பான் என்று தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிற கூட்டம். ஆனால் இந்தப் பெண்ணின் அம்மா முதல் நாள் கதவைத் திறந்ததும் மார்க்கைப் பற்றிக் கேட்கவில்லை.

"நீங்க பாடம் எடுப்பீங்களா சார், இல்ல சொல்லிக்குடுப்பீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதாங்க."

"இல்லீங்க சார். இங்க எடுக்கிறது அவ. நீங்க சொல்லி, குடுத்துட்டாப் போதும்."

தமிழே தகராறு, இந்த லட்சணத்தில் மகளுக்கு ஐந்து பாடத்துக்கு டியூஷன் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினார். வாசலில் ஏற்கனவே ஏழெட்டு ஜோடிகள் கிடந்தன. ஆண் செருப்பு, பெண் செருப்பு, கயிறு போட்ட பழைய ஷூ ஒன்று. எல்லாவற்றின்மேலும் விரல் வைத்தால் தடம் பதிகிற அளவுக்குத் தூசி. வீட்டில் இருந்ததோ இரண்டே பேர்.

"முன்னாடி வந்த வாத்தியாருங்களோடது. மறந்து விட்டுட்டுப் போயிட்டாங்க," என்றாள் அம்மா.

காலில் செருப்பு இல்லாததுகூட உறைக்காமல் தெருவில் இறங்கிப் போகிறவனெல்லாம் வாத்தியார் என்று சொல்லிக்கொள்கிறான். அந்த ஆட்களிடம் படித்தவளுக்கு ஒன்றும் தெரியாமல் போனதில் அவருக்கு ஆச்சரியமில்லை. உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை. பத்தாம் வகுப்புப் பெண், பின்னத்தைக் கூட்டச் சொன்னால் பேனாவைப் பார்த்தாள். "போன பரீட்சையில எல்லாத்தையும் எழுதித் தீத்துட்டா சார்," என்று அம்மா சமாதானம் சொன்னாள். பரீட்சை முடிந்து வெளியே வருகிற எந்தக் கழுதைக்குத்தான் உள்ளே என்ன எழுதினோம் என்று நினைவிருந்திருக்கிறது? எல்லா மாணவர்களுக்கும் மனதுக்குள் ஒரு பட்டப்பெயர் வைப்பது அவர் வழக்கம். இவளுக்குக் காலிப்பானை என்று வைத்தார்.

ஆனால் காலிப்பானை கற்றுக்கொண்ட விதம் வேறு. ஒரு தடவை சொன்னால் போதும். வாயை லேசாகத் திறந்துவைத்துக்கொண்டு கேட்பாள். ஒவ்வொரு வாக்கியம் முடியும்போதும் அவள் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கும். அவ்வளவுதான், மறுநாள் அச்சுப் பிசகாமல் திருப்பிச் சொல்வாள், அவருடைய நிறுத்தல், அவருடைய இழுவை, "புரியுதா, புரிஞ்ச மாதிரி நடிப்பா?" என்ற அவருடைய நையாண்டி எல்லாம் சேர்த்து. இருபது வருஷத்தில் தன்னுடைய அறிவுக்குத் தகுந்த ஒரு ஆள் கிடைத்தாள் என்று வாத்தியாருக்குச் சந்தோஷம். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அந்த அறைதான் அவருக்குப் பிடிக்கவில்லை. ஜன்னல்கள் மூடியே இருக்கும். பாச்சை உருண்டை வாடையும் புது நோட்டின் பசை வாடையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறும். டியூப் லைட் இடைவிடாமல் ரீங்கரிக்க, சமையலறைக் குழாயிலிருந்து பாத்திரத்தில் சொட்டு விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். கதவுக்குப் பின்னால் நிற்கிற அம்மாவின் நிழல், அவர் வந்து போகும்வரை, கால் மாற்றிக்கூட நிற்காமல், தரையில் அதே இடத்தில் கிடக்கும். எட்டு மணிக்கு எழுந்து படியிறங்கும்போது தலை கொஞ்சம் லேசாக இருப்பதாக அவருக்குத் தோன்றும். காற்றில்லாத அறை, வேறென்ன என்று நினைத்துக்கொள்வார்.

மறுநாள் ஒரு கடைக்காரர் மகனுக்குக் கணக்கு. பையனின் பட்டப்பெயர் மரமண்டை. முக்கோணவியல் சொல்லித்தருவதற்காகப் பேனாவை எடுத்தவர் எடுத்தபடியே இருந்தார். முக்கோணம் வரைய வந்தது. அதற்குமேல் அது மூன்று கோடுதான். மூன்றாவது கோட்டின்மேல் பேனா நின்றது. மரமண்டை அவரையே பார்த்தான்.

"எல்லாத்தையும் நானே ஊட்டணுமா? புத்தகத்தைப் பார்த்து நீயே போடு," என்று எரிந்து விழுந்தார். திட்டு விழுந்ததும் பையன் வழக்கம்போல் நம்பிவிட்டான். அவருக்குத்தான் முதுகில் வேர்த்துக் கொட்டியது. இந்தக் கணக்கை அவர் கடைசியாகச் சொன்னது முந்தின வாரம், காலிப்பானைக்கு.

அந்த வாரம் அறிவியல் போயிற்று. புதன்கிழமை ஒளிச்சேர்க்கை சொல்லிக்கொடுத்தார். வியாழக்கிழமை தெருவோர மரத்தடியில் நின்று, இலை ஏன் பச்சையாக இருக்கிறது என்று அரைமணி நேரம் யோசித்தார். வயதாகிறது, தூக்கம் போதவில்லை என்று தனக்குத்தானே சாக்குச் சொன்னார். மறதிக்கு மருந்து கேட்டு டாக்டரிடம் போகவும் மனம் வரவில்லை. அந்த டாக்டரும் எவனோ டியூஷன் வாத்தியார் புண்ணியத்தில் தேறியவனாகத்தான் இருப்பான்.

உலகத்தில் அவர் இளக்காரமாகப் பார்க்காத உயிர் ஒன்றே ஒன்றுதான், அது அவர் மகள். ஆறு வயது, முன்பல் விழுந்து பேச்சில் காற்று அடிக்கும். அவர் கூப்பிடுவது சுண்டெலி. மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ், சாயங்கால ஷிப்ட் முடிந்து வரப் பத்தரை ஆகும். அதுவரை எதிர்வீட்டு அத்தை அவ்வப்போது எட்டிப் பார்ப்பார். மற்றபடி ஒரு பழைய கைபேசியை வைத்துக்கொண்டு, எட்டரைக்கு அப்பா வரும்வரை சுண்டெலி காத்திருக்கும். அவர் வந்ததும் மடியில் ஏறி உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படிக்கும். தப்பாகத்தான் படிக்கும். அந்தத் தப்பை மட்டும் அவர் சிரித்துக்கொண்டே திருத்துவார்.

வெள்ளிக்கிழமை சமூக அறிவியல். வரைபடம் படிப்பது எப்படி என்ற பாடம்.

"உதாரணத்துக்கு இங்கேயிருந்து உங்க வீட்டுக்கு வழி போடுங்க சார்," என்றாள் பெண்.

போட்டார். இடது திருப்பம், பாலம், பள்ளிக்கூடச் சுவர் எல்லாம் போட்டு, கடைசியில் ஒரு சின்னச் சதுரம் வரைந்து வீடு என்று எழுதினார். அவள் தொண்டை ஏறி இறங்கியது. எட்டு மணிக்கு இறங்கித் தெருவுக்கு வந்தார். மழை விட்டிருந்தது. உள்ளங்கால் சில்லென்றது. குனிந்து பார்த்தார். செருப்பு இல்லை.

திரும்பி மேலே ஏற அவருக்குத் தைரியம் வரவில்லை. வீட்டுக்கே போய்விடலாம் என்று நிமிர்ந்தார். எந்தப் பக்கம்? தெரு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நீண்டு கிடந்தது. கடைகள் இருந்தன, விளக்குகள் இருந்தன, ஜனங்கள் அவரை இடித்துக்கொண்டு போனார்கள். போகிறவனை நிறுத்தி, என் வீடு எங்கே என்று கேட்பதா? அப்படிக் கேட்கிறவனை அவரே எத்தனை தடவை கிறுக்கன் என்று ஒதுக்கியிருக்கிறார். கடைசியில் போனை எடுத்தார்.

"அப்பா, எங்கே இருக்கே?"

"வழி தெரியலைடா சுண்டெலி."

அது விளையாட்டு என்று நினைத்துக்கொண்டது. "பெரிய தண்ணி டாங்கி தெரியுதா? மேல சிவப்பு லைட் எரியும். நம்ம வீடு அதுக்குப் பின்னாடிதானே. அதையே பார்த்துக்கிட்டு வா."

சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே நடந்தார். வழியெல்லாம் போனில் அது பேசிக்கொண்டே வந்தது. வீட்டுக்குப் போய் அதைத் தூக்கிக்கொண்டபோது வாத்தியாருக்கு அழுகை வந்துவிட்டது. இந்தக் குரல் ஒன்று இருந்தால் போதும், வாய்ப்பாடெல்லாம் நாசமாய்ப் போகட்டும் என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தார்.

காலையில் அப்படி நினைக்க முடியவில்லை. வாய்ப்பாடு இல்லாவிட்டால் அவர் யார்? அவர் இத்தனை வருஷம் கேலி செய்த கூட்டத்தில் ஒருவர். போன வாத்தியார்களின் செருப்பு ஏன் அங்கே கிடக்கிறது என்று இப்போது புரிந்தது. சொல்லி, கொடுப்பது. அந்த அம்மா முதல் நாளே சரியான தமிழில்தான் சொல்லியிருந்தாள். கொடுத்ததைத் திருப்பி வாங்கிவிட்டு வந்துவிட வேண்டும். ஒரு வார்த்தை பாடமாகச் சொல்லக் கூடாது. டைரியில் எழுதியிருந்த விலாசத்தை வண்டிக்காரரிடம் காட்டி, ஆறரைக்கு அந்தப் படிகளை ஏறினார். அவருடைய செருப்பு வரிசையில் கடைசியாக இருந்தது. ஒரே நாளில் அதன்மேலும் தூசி.

"குடுத்ததை எல்லாம் திருப்பிக் குடு," என்றார், உட்காராமல்.

பெண் யோசித்தாள். "எனக்கு எடுக்கத்தான் தெரியும் சார். குடுக்கத் தெரியாது." வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று ஒத்துக்கொள்கிற குரல் அது.

"அப்போ நான் நின்னுக்கிறேன். நாளையிலேருந்து வர மாட்டேன்."

"சரிங்க சார்," என்றது கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல். "திங்கக்கிழமை அவளுக்குத் தமிழ்ப் பரீட்சை. ஒரு கட்டுரை எழுதி வெச்சிருக்கா. நீங்க ஒண்ணும் சொல்லவே வேணாம். சும்மா ஒரு பார்வை பார்த்துட்டுப் போயிடுங்க."

நோட்டு மேஜையில் அவர் பக்கமாக நகர்ந்தது. பக்கத்தில் சிவப்புப் பேனா. அவர் உட்கார்ந்திருக்கக் கூடாது. கால் வலித்தது, உட்கார்ந்தார். தலைப்பு: என் ஆசிரியரின் குடும்பம். எழுத்து அவருடைய எழுத்து, அவர் போடுகிற அதே வால் வைத்த ழகரம்.

முதல் வரி: *என் ஆசிரியருக்கு ஒரே ஒரு மகன் இருக்கிறாள்.*

மகன் இருக்கிறாளாம். பத்தாம் வகுப்பு. மூன்றாம் வகுப்புக் குழந்தை செய்யாத தப்பு. பொறியென்று தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. பேனாவை எடுக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே எடுத்தார். தப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்து அந்தக் கைக்குப் பழக்கமில்லை. மகன் என்பதை அடித்தார். மேலே மகள் என்று எழுதினார்.

அவள் தொண்டை ஏறி இறங்கியது.

டியூப் லைட்டின் ரீங்காரம் நின்றுபோனது போலிருந்தது. குழாய் மட்டும் சொட்டியது.

*அவளுக்கு வயது எட்டு.*

"ஆறு," என்றார். வாயைப் பொத்திக்கொண்டார். வெளியே வந்துவிட்டது.

*அவளை அவர் பூனைகுட்டி என்று கூப்பிடுவார்.*

க் எங்கே? பூனைக்குட்டி. சந்தி தெரியாத ஜென்மம். க் போட்டார். போட்டதும் அது இன்னும் பெரிய தப்பாக நின்றது. பூனை இல்லை. பூனையே இல்லை. சுண்டெலி. எழுதிவிட்டார். எழுதியதைத் திரும்பப் படித்தார். எலிக்கும் கட்டுரைக்கும் என்ன சம்பந்தம் என்று விளங்கவில்லை.

*அவளுடைய பற்கள் வரிசையாக இருக்கும்.*

முன்பல் விழுந்துவிட்டது. யாருக்கு? தெரியவில்லை. ஆனால் விழுந்துவிட்டது. அது நிச்சயம். எழுதினார்.

எழுந்து ஓடு. கால் வரவில்லை. கதவடியில் நிழல். சொட்டு. சொட்டு.

முகம் போயிருந்தது. பெயர் போயிருந்தது. யார்மேல் என்றே தெரியாத ஒரு பிரியம் மட்டும் நெஞ்சில் அடைத்துக்கொண்டு நின்றது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பெண் அவசரப்படவில்லை. கடைசி வரிக்கு நேராக விரலை வைத்தாள்.

*எல்லாரையும் போலவே அவளையும் அவர் இளக்காரமாகத்தான் பார்ப்பார்.*

எழுத்துப் பிழை இல்லை. சந்திப் பிழை இல்லை. அப்படியே விட்டுவிட்டு எழுந்திருக்கலாம். அவர் வாழ்நாளில் படித்த வரிகளிலேயே இவ்வளவு பெரிய தப்பு எதுவுமில்லை. வேண்டாம். விடு. பொய்யாகவே இருக்கட்டும். விடு.

"இல்ல," என்றார். "அவமேல உசிரே வெச்சிருக்கேன்."

தொண்டை. ஏறி. இறங்கியது.

சட்டைப்பையில் போன் அடித்தது. திரையில் சுண்டெலி என்று வந்தது. யாரோ விளையாட்டுக்குப் போட்டு வைத்திருக்கிறான். எலிக்கெல்லாமா நம்பர் என்று ஏளனமாகச் சிரித்துக்கொண்டே எடுத்தார்.

"அப்பா, மணி எட்டரை ஆச்சு. எப்ப வருவே? அத்தை வீட்டுல யாரும் இல்லை. கரண்ட் வேற போயிடுச்சு."

"ராங் நம்பர்."

"அப்பா, நான்தாம்ப்பா."

"யாரு பெத்த பிள்ளையோ," என்று எரிச்சலோடு போனைப் பைக்குள் போட்டார். துண்டிக்கக்கூடத் தோன்றவில்லை. சொந்த அப்பன் நம்பர் தெரியாத குழந்தை. வளர்க்கிற லட்சணம் அப்படி. அவருடைய இளக்காரத்தை மட்டும் யாரும் கேட்கவில்லை. அது குறையாமல் அப்படியே இருந்தது.

மேஜைக்கு எதிர்ப்பக்கம் அவருடைய மகள் உட்கார்ந்திருந்தாள். சிரித்தாள். முன்பல் இல்லை. எவ்வளவு உயரமாகிவிட்டாள், எப்போது வளர்ந்தாள் என்று அவர் நினைத்தார். அவருக்குக் கண் கலங்கியது.

"வீட்டுக்குப் போலாம்ப்பா," என்றாள். பேச்சில் காற்று அடித்தது. "வழி எனக்குத் தெரியும்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். இரண்டு பேரும் வெறுங்கால். இடது திருப்பம், பாலம், பள்ளிக்கூடச் சுவர், எதிலும் அவள் தயங்கவில்லை. சட்டைப்பையிலிருந்து அந்த ராங் நம்பர் விடாமல் பேசிக்கொண்டே வந்தது. பயமா இருக்குப்பா என்றது. சீக்கிரம் வாப்பா என்றது. ஓயாமல் பேசுகிற பிள்ளைகளை அவருக்கு எப்போதுமே பிடிக்காது.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருட்டாக ஒரு வீடு இருந்தது. மூடின கதவு. அதன்முன் அவள் நின்றாள்.

"அப்பா, வெளியில கால் சத்தம் கேக்குது. நீதானே?" பையிலிருந்து கேட்டது. கதவுக்குப் பின்னாலிருந்தும் கேட்டது, அதே குரல்.

யார் வீட்டுப் பிள்ளைக்கோ அவர் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

"நான்தாண்டா சுண்டெலி," என்றாள் அவர் கையைப் பிடித்திருந்தவள், அவருடைய குரலில். "கதவைத் திற."

உள்ளே ஒரு ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது. சின்னக் கைகள் தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டின. இவள் அவர் கையை விட்டுவிட்டு, ஆறு வயதுக் குழந்தையின் முகத்துக்கு நேராக வருகிற அளவுக்குக் குனிந்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு காத்திருந்தாள்.